மீன்கண் லென்ஸ் வெறும் வேடிக்கைக் கண்ணாடியா?

"ஏன் தம்பி, என் தறி எப்போ கோணிச்சு?"

ஆரணியில் பட்டு நெசவாளர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் எடுத்துக் கொடுத்த போட்டோ அவர் கையில் இருந்தது. அதில் அவருடைய தறியின் கால்கள் வில்போல் வளைந்திருந்தன. தறியில் இருந்த சேலையின் கரை, ஆற்றங்கரை போல நெளிந்து கிடந்தது. "இதைப் பார்த்தா எந்த முதலாளி எனக்குப் பாவு கொடுப்பாரு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அவருக்கு வருத்தம் இருந்தது தெரிந்தது.

அது நியாயமான வருத்தம். நெசவில் நேர்க்கோடுதான் எல்லாம். பாவு நேராக இருக்க வேண்டும். அச்சு அதற்குச் செங்குத்தாக அடிக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சேலையில் தெரிந்துவிடும். கூலி குறையும். ஆயுள் முழுவதும் நேர்க்கோட்டைக் காப்பாற்றி வந்த ஒருவரிடம் நான் ஒரு கோணல் படத்தை நீட்டிவிட்டேன்.

இளம் நண்பர்களே! அந்தப் படத்தை எடுத்த மீன்கண் லென்ஸைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது விலை குறைந்த வகை. தானாகக் குவியம் பார்க்காது. வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். "அதெல்லாம் வேடிக்கைக் கண்ணாடி. நாலு படம் எடுத்தால் அலுத்துவிடும்" என்று என் நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போட்டோ எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பும் மாணவனுக்கும் மாணவிக்கும் இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கடைசியில், அந்த நெசவாளருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொல்கிறேன்.

நீருக்குள்ளிருந்து ஒரு பார்வை

மீன்கண் என்ற பெயர் எப்படி வந்தது? மீனின் கண்ணைப் பார்த்து யாரும் இந்த லென்ஸைச் செய்யவில்லை. நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த பெயர் அது.

காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளிக்கதிர் செங்குத்துக் கோட்டை நோக்கி வளையும் என்று ஒளிவிலகல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நீரின் மாறுநிலைக் கோணம் சுமார் 49 டிகிரி என்பதும் நினைவிருக்கலாம். ஒரு குளத்தின் அடியில் ஒரு மீன் மேலே பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்து மரம், எதிர்க்கரைப் படிக்கட்டு, உச்சி வானம் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் ஒளி வருகிறது. தொடுவானத்திலிருந்து நீர்ப்பரப்பை உரசிக்கொண்டு வரும் கதிர்கூட 49 டிகிரிக்குள் மடங்கிவிடுகிறது. ஆகவே 180 டிகிரி அகலமுள்ள மேலுலகம் முழுவதும், ஏறக்குறைய 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் மீனுக்குத் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே தெரிவது நீருக்குள் இருப்பவற்றின் பிம்பம்தான். அது முழு அக எதிரொளிப்பின் வேலை.

அமெரிக்க இயற்பியல் விஞ்ஞானி ராபர்ட் வில்லியம்ஸ் வுட் இதைப் படம் பிடித்தே காட்ட விரும்பினார். நீர் நிரப்பிய ஊசித்துளைக் காமிராவைச் செய்து, அதில் எடுத்த படங்களை 1906-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் 'மீன்கண் காட்சிகள்'.

நீரைச் சுமந்துகொண்டு போட்டோ எடுக்க முடியாதல்லவா? அடுத்த படியாகக் கண்ணாடி வந்தது. 1924-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் ஹில் என்பவர், வானம் முழுவதையும் மேகங்களோடு ஒரே படத்தில் பிடிக்க ஒரு லென்ஸ் அமைப்பைப் பற்றி எழுதினார். இந்தப் பெயரை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? உயிரியல் பாடத்தில் ஒளிச்சேர்க்கையில் 'ஹில் வினை' என்று படிக்கிறீர்களே, அதே ஹில்தான்! மேகங்களின் மீது அவருக்கு இருந்த ஆசை ஒரு லென்ஸைத் தந்தது. இலைகளின் மீது இருந்த ஆசை ஒரு வேதிவினையைத் தந்தது. வேடிக்கைக் கண்ணாடி என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வானிலை ஆய்வுக்காக வளர்ந்த கருவி இது.

வளைவு பிழையா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நேரான தறிக்கால் ஏன் வளைகிறது? லென்ஸ் மட்டமானதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும். அதற்கு அது ஒரு விதிக்குக் கட்டுப்பட வேண்டும். லென்ஸின் அச்சிலிருந்து θ கோணத்தில் இருக்கும் பொருள், படத்தின் மையத்திலிருந்து f tan θ தூரத்தில் விழ வேண்டும் என்பது அந்த விதி. இதில் f என்பது குவியத் தூரம்.

குவியத் தூரம் 8 மி.மீ. என்று கொள்வோம். கோணம் 45 டிகிரி என்றால் tan மதிப்பு 1. படத்தில் தூரம் 8 மி.மீ. கோணம் 60 டிகிரி என்றால் சுமார் 14 மி.மீ. கோணம் 80 டிகிரி என்றால் 45 மி.மீ. கோணம் 89 டிகிரி ஆனால் 458 மி.மீ.; அதாவது ஏறக்குறைய அரை மீட்டர்! 90 டிகிரிக்கு tan மதிப்பு என்ன? உங்கள் கணக்கு ஆசிரியரைக் கேளுங்கள். முடிவிலி. அரைக்கோளம் முழுவதையும் நேர்க்கோடாகவே காட்ட வேண்டுமானால் முடிவில்லாத அகலமுள்ள பிலிம் வேண்டும்.

ஆகவே மீன்கண் லென்ஸ் tan விதியைக் கைவிடுகிறது. அதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் எளியது, கோணத்துக்கு நேர்விகிதத்தில் தூரத்தை வைப்பது. அப்படிச் செய்தால் 90 டிகிரியில் இருக்கும் பொருள் மையத்திலிருந்து 12.6 மி.மீ. தூரத்தில் விழும். வானம் முழுவதும் 25 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரு நாணயத்தின் அளவுதான்! இதற்குக் கொடுக்கும் விலை, நேர்க்கோடுகளின் வளைவு.

பூமியின் படத்தைத் தட்டையான தாளில் வரைகிறவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது! உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போலப் பதினான்கு மடங்கு பெரியது. உருண்டையைத் தட்டையாக்கும்போது ஏதாவது ஒன்றை இழக்கத்தான் வேண்டும். எதை இழப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். இழக்காமல் இருக்க முடியாது.

சாதாரண லென்ஸும் இழக்கிறது. அது தன் சட்டத்துக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் இழக்கிறது. அந்த இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. மீன்கண் லென்ஸின் இழப்பு படத்திலேயே தெரிகிறது. தன் குறையை மறைக்காத கருவியிடம்தான் கற்றுக்கொள்வது எளிது.

சிறிய வீடு, பெரிய தறி

ஆரணியைப் பட்டுக்காகவும் அரிசிக்காகவும் அறிவீர்கள். கமண்டல நாக நதியின் கரையில் உள்ள ஊர். இங்கே தறி இருக்கும் இடம் பெரும்பாலும் வீடுதான். குழித்தறியில் நெசவாளர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் கால்களை விட்டு மிதிகளை மிதிப்பார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி. எதிரே நீண்டு செல்லும் பாவு. அறையில் மீதி இருக்கும் இடம் ஒருவர் நடக்கும் அளவுக்குத்தான். 

அந்த அறைக்குள் சாதாரணக் காமிராவோடு நான் பலமுறை திண்டாடியிருக்கிறேன். காமிராவோடு பொதுவாகத் தரும் லென்ஸை 18 மி.மீ.இல் வைத்தாலும், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 1.3 மீட்டர் அகலம்தான் படத்தில் விழும். முதுகு சுவரில் இடிக்கும். பின்னால் போக வழியில்லை. ஆகவே கையை ஒரு படம், நாடாவை ஒரு படம், ஜரிகையை ஒரு படம் என்று துண்டு துண்டாகத்தான் எடுப்பேன். அழகான படங்கள்தான். ஆனால் தறி எங்கே? வீடு எங்கே?

மீன்கண் லென்ஸ் இங்கே தன் வேலையைக் காட்டுகிறது. கூரையும் குழியும் ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. தெருவில் பாவை நீட்டிப் பிடித்து வேலை செய்யும் காலைநேரக் காட்சியும் அப்படியே. இரண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைகளும் சேர்ந்து வரும்.

கையால் திருப்புவது கஷ்டமா?

"தானியங்கிக் குவியம் இல்லாத லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாம் மங்கலாகிவிடுமே?" என்று கேட்பீர்கள். இதற்கும் ஒரு கணக்கு உண்டு.

குவியத் தூரத்தின் வர்க்கத்தை, துளையின் எண்ணாலும் நாம் பொறுத்துக்கொள்ளும் மங்கலின் அளவாலும் வகுத்தால் ஒரு தூரம் கிடைக்கும். அந்தத் தூரத்தில் வளையத்தை நிறுத்தினால், அதில் பாதித் தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை எல்லாம் தெளிவாக இருக்கும். 8 மி.மீ. லென்ஸ், துளை எண் 8, மங்கல் அளவு 0.02 மி.மீ. என்று வைத்துக் கணக்கிடுங்கள். 64-ஐ 0.16-ஆல் வகுத்தால் 400 மி.மீ.; அதாவது 40 செ.மீ. வளையத்தை அங்கே நிறுத்திவிட்டால் 20 செ.மீ. தூரத்திலிருந்து நட்சத்திரம் வரை தெளிவு! இதே கணக்கை 50 மி.மீ. லென்ஸுக்குப் போட்டால் 15 மீட்டருக்கு மேல் வரும். இப்போது புரிகிறதா, மீன்கண் லென்ஸில் தானியங்கி வசதி ஏன் அவ்வளவு அவசியமில்லை என்று? இல்லாமற்போனாலும் பெரிய நஷ்டமில்லாத ஒன்றை விட்டுவிட்டதும் இதன் விலை குறைவுக்கு ஒரு காரணம். கொரியாவின் சம்யாங், சீனாவின் செவன்ஆர்ட்டிசன்ஸ், ரஷ்யாவின் ஜெனிட்டார் போன்றவை இப்படிப்பட்ட கைக்குவிய லென்ஸ்களைச் செய்தவை.

ஒரு எச்சரிக்கை. மலிவு லென்ஸ்களின் வளையத்தில் அச்சிட்டிருக்கும் தூரக் குறிகள் எப்போதும் சரியாக இருப்பதில்லை. நம்பாதீர்கள், சோதியுங்கள். ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, அளவுகோலால் தூரத்தை அளந்து, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பத்துப் படம் எடுங்கள். எது கூர்மையோ அங்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் உங்கள் லென்ஸின் உண்மையான குறி. இந்த ஒரு மாலைநேரச் சோதனையில் நீங்கள் கற்பது, தானியங்கிக் காமிராவில் ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தாலும் கிடைக்காது.

இன்னும் சில. முன் கண்ணாடி வெளியே புடைத்து நிற்கும். பொருளை நெருங்கும்போது இடித்துவிடாதீர்கள். உங்கள் கால்விரலும் நிழலும் படத்தில் வந்துவிடும். சூரியனும் வரும். காமிராவின் கண்ணாடி வழியாகச் சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது.

இரண்டு மறுப்புகள்

"எங்கள் செல்போனிலேயே அகலப் படம் எடுக்கலாமே!" என்று சிலர் சொல்வார்கள். எடுக்கலாம். ஆனால் அதன் அகல லென்ஸும் கோடுகளை வளைக்கத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் கணிப்பொறி அதை நிமிர்த்திவிட்டு உங்களுக்குக் காட்டுகிறது. நிமிர்த்தும்போது ஓரத்தில் நிற்பவரின் முகம் அகலமாக இழுபடுகிறது. எதை இழப்பது என்ற முடிவை உங்களைக் கேட்காமல் எடுத்துவிடுகிறது. வசதிதான். ஆனால் அந்த முடிவை எடுப்பதில்தான் பாடம் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. "மலிவு என்கிறீர்களே, யாருக்கு மலிவு?" உண்மைதான். பெரிய கம்பெனிகளின் மீன்கண் லென்ஸ்களோடு ஒப்பிட்டால்தான் இது மலிவு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய லென்ஸும், அதற்கு ஒரு காமிராவும் மலிவல்ல. ஆகவே பெற்றோரை நச்சரித்து வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளியின் அறிவியல் மன்றத்துக்கு ஒன்று இருக்கட்டும். நாற்பது பேர் முறைவைத்துப் பயன்படுத்தட்டும். நுண்ணோக்கியை நாம் வீட்டுக்கு ஒன்று வாங்குவதில்லையே!

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கதவில் பொருத்தி, வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் சிறு குழலை ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். அதை ஒரு செல்போன் காமிராவின் முன் ஒட்டிப் பிடித்தால் வட்டமான மீன்கண் படம் தயார். அதன் முன் லென்ஸைத் தொட்டுப் பாருங்கள். ஓரத்தைவிட நடு மெலிந்த குழிலென்ஸ்தான் அது. அகலக் கோணத்தில் வரும் கதிர்களின் சாய்வைக் குழிலென்ஸ் குறைத்துக் கொடுக்க, பின்னால் இருக்கும் குவிலென்ஸ் அவற்றைக் கண்ணுக்கு அனுப்புகிறது. பெரிய மீன்கண் லென்ஸின் அடிப்படையும் இதுவே.

அதைக் கொண்டு என்ன செய்யலாம்? மாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பள்ளி மைதானத்தின் வானத்தைப் படமெடுங்கள். வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கு மேகம் என்று குறியுங்கள். வானிலை ஆய்வாளர்களும் எட்டில்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு வேப்பமரத்தடியிலிருந்து மேலே பார்த்து எடுங்கள். இலை உதிரும் காலத்திலும் தழைக்கும் காலத்திலும் எவ்வளவு வானம் தெரிகிறது என்று ஒப்பிடுங்கள். காடுகளை ஆராய்பவர்கள் செய்வதும் இதைத்தான். 

இனி, அந்த நெசவாளருக்கு நான் சொன்ன பதில். முதலில் என் தவறைச் சொல்ல வேண்டும். நான் மூலையில் நின்று, காமிராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருந்தேன். தறி படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. மீன்கண் லென்ஸில் ஓரத்துக் கோடுகள்தான் அதிகம் வளையும். ஆனால் படத்தின் மையத்தின் வழியாகச் செல்லும் நேர்க்கோடு எதுவும் வளைவதில்லை! லென்ஸ் அச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியாக இருப்பதால், மையத்தின் வழியே செல்லும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வளைய ஒரு காரணமும் இல்லை, அந்தப் பக்கம் வளைய ஒரு காரணமும் இல்லை. நேராகவே போகிறது. இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்திருந்தது. கையில் தெரியவில்லை.

மறுவாரம் அனுமதி கேட்டு மீண்டும் போனேன். டிசைன் புதிது என்றால் வெளியில் காட்டலாமா என்றும் கேட்டுக்கொண்டேன். அதையும் நீங்கள் மறக்கக் கூடாது. அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி, அவர் தலைக்கு மேலாகக் காமிராவைப் பிடித்தேன். அச்சு வந்து ஊடையை அடிக்கும் இடத்தைச் சரியாக மையத்தில் வைத்தேன். நடுப்பாவு படத்தில் மேல்நோக்கி நேராக ஓடியது. அச்சு குறுக்கே நேராக நின்றது. சுவர்களும் கூரையும் அவற்றைச் சுற்றிக் கூடை போல வளைந்தன.

படத்தைக் கொடுத்தேன். அவர் நகத்தால் பாவின் மேல் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். "இப்ப நேரா இருக்கு" என்றார். பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி அங்கே இருந்தார். "இவளும் வந்துட்டாளே!" என்றார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "நான் பாட்டுக்கு ஓரமா இருந்தேன். என்னையும் புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்த வீட்டில் நான் அதுவரை எடுத்த துண்டுப் படங்கள் எதிலும் அந்த அம்மாள் இல்லை. சேலையும் நெசவாளரின் கையும்தான் இருந்தன. ஒரு பட்டுச் சேலை ஒருவர் கையால் மட்டும் உருவாவதில்லை என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. ஆனால் என் லென்ஸ் என்னை அதை மறக்கவிட்டிருந்தது. ஓரத்தையும் விடாத ஒரு லென்ஸ்தான் அதை ஞாபகப்படுத்தியது.

எனவே உங்கள் மன்றத்துக்கு ஒரு மீன்கண் லென்ஸ் வந்தால், முதல் படத்தை உங்கள் வீட்டிலேயே எடுங்கள். அம்மா அப்பா வேலை செய்யும் இடத்தின் நடுவில் காமிராவை வையுங்கள். எது நேராக இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து, அதை மையத்தில் நிறுத்துங்கள். பிறகு படத்தின் ஓரங்களில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள்.